நீலச்சீட்டு எலிகள்

கருத்தப்பாண்டி ஐம்பது வயதுவரை இரண்டு சாதி எலிகளைத்தான் பார்த்திருந்தார். கரிசல் வெடிப்புக்குள் குடியிருந்து கம்பங்கதிரை அறுத்துக்கொண்டு போகிற வெள்ளெலி ஒன்று, ரேஷன் அரிசி மூட்டையை ஓட்டை போடுகிற வீட்டெலி ஒன்று. ஏசி அறையில் குடியிருக்கிற மூன்றாவது சாதியை அவர் பார்த்தது கரிசல் மூலிகை நரம்பியல் உயராய்வு மையத்தில்தான். பெங்களூரிலிருந்து தனி வேனில் வந்த எலிகள் அவை. ஒவ்வொன்றும் கையோடு உடல்நலச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தது. கருத்தப்பாண்டியிடம் அப்படி ஒன்று இல்லாததால், வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்வரை அவரை அந்த அறைப் பக்கமே விடவில்லை. அவரிடமிருந்து எலிகளுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள்.

மையம் கோவில்பட்டியிலிருந்து புதூர் போகிற ரோட்டில், உளுந்தங்காட்டுக்கு நடுவே மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடமாக நின்றது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் கண்ணாடி நிலைக்காது என்பது ஆடு மேய்க்கிற எவருக்கும் தெரியும். மையத்துக்கு அது தெரிந்தது ஆறாவது மாதம், வரவேற்பறைச் சுவர் உச்சியிலிருந்து தரைவரை பிளந்தபோது. விரிசலை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி கூடுவதற்கு ஒரு அறை கட்டினார்கள். அந்த அறையும் விரிசல் விட்டது. இயக்குநர் டாக்டர் பூவனலிங்கம் கலங்குகிற ஆள் இல்லை. விரிசல் விட்ட இடத்திலெல்லாம் தன்னுடைய படத்தை மாட்டச் சொல்லிவிட்டார். இப்போது படியேறிப் போகிறவர் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரைப் பதினோரு தடவை தரிசிக்கலாம்.

நூற்றுச்சொச்சம் ஆடுகளை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டுக் கருத்தப்பாண்டி அங்கே வேலைக்குப் போனது பெண்டாட்டிக்காக. வெயிலுகந்தம்மாளுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண் மங்கியது. அது தெளிவதற்குள் கால்கள் ஒன்றோடொன்று பின்ன ஆரம்பித்தன. நாட்டு வைத்தியம், கோடாங்கி எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில்தான் வியாதி பிடிபட்டது. உடம்புக்குக் காவலாக இருக்கிற அணுக்களே திசை மாறி நரம்பைக் கடிக்கின்றன, கரண்டு வயரின் மேலிருக்கிற ரப்பர் உரிந்த மாதிரி நரம்பு ஆகிவிடுகிறது என்று டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னார். வேலியே பயிரை மேய்கிறது, அவ்வளவுதானே என்றார் கருத்தப்பாண்டி. இத்தனை வருஷத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பாட்டிலில் மருந்து ஏற்றுவார்கள். வியாதியைப் போக்காது, மேற்கொண்டு மேயவிடாமல் கட்டிப்போடும். தவணை தவறக் கூடாது என்பதுதான் ஒரே கண்டிப்பு. அந்த மருந்தில் வெயிலுகந்தம்மாள் கம்பூன்றி நடந்தாள், சமைத்தாள், ஊரை ஏசினாள். கால்தான் தளர்ந்ததே தவிர வாய்க்கு ஒரு குறைவும் இல்லை.

மையத்து ஆட்கள் வேலிப்பருத்திக் கொடியைத் தேடி ஊருக்கு வந்தபோது அவர்களுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் கருத்தப்பாண்டி. பின்னங்கால் இழுத்துக்கொண்டு நடக்கிற ஆட்டுக்கு அந்தக் கொடியின் சாற்றைப் புகட்டுவது மந்தை மேய்க்கிற கீதாரிகள் வழக்கம். கசக்கினால் ஊரைக் கூட்டுகிற வீச்சம் அடிக்கிற இலை. அதைப் பெண்டாட்டிக்கும் ஒரு தரம் கொடுத்துப் பார்த்திருந்தார். அவள் இரண்டு நாள் வாந்தி எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "என்னைய வெள்ளாடுன்னு நெனச்சீங்களோ?" என்று கேட்டாள். மையத்தில் இலையை அப்படியே கொடுக்க மாட்டார்கள், அரைத்து, ஊறவைத்து, வடித்து, ஒரு மூட்டை இலையிலிருந்து ஒரு கரண்டிச் சத்து எடுப்பார்கள், அதில் வாந்தி வராது என்றார்கள். சத்து மனிதர்களுக்குத் தயாராகும்போது முதல் கரண்டி உங்கள் மனைவிக்குத்தான் என்று பூவனலிங்கமே வாக்குக் கொடுத்தார். கருத்தப்பாண்டிக்குப் 'பாரம்பரிய அறிவு வளவாளர்' என்று கழுத்தில் ஒரு அட்டையும் மாட்டிவிட்டார்கள். வேலை, எலிப் புழுக்கை அள்ளுவது.

எலிகளுக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்து முதல் மாதம் அவர் வாயடைத்துப் போனார். எலிகள் மனவேதனைப்படாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு கமிட்டி இருந்தது. அறையில் சூடு ஒரு கோடு ஏறினால் மணி அடிக்கும். சத்தமாகப் பேசினால் எலிகளுக்குப் பதற்றம் வரும் என்பதால் எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். இவ்வளவு சீராட்டி வளர்த்துவிட்டு ஒரு நல்ல நாளில் நாற்பது எலிகளுக்கும் ஊசி போட்டு வியாதியை உண்டாக்கினார்கள். எலியின் காவல் அணுக்கள் எலியின் நரம்பையே கடிக்க வேண்டும், அதற்குத்தான் ஊசி. ஆட்டை வளர்த்து அறுப்பது கருத்தப்பாண்டிக்குப் புரியும். வளர்த்து நொண்டியாக்குவது புரியவில்லை.

ஆராய்ச்சி மாணவி உமாதேவி தினமும் காலையில் எலிகளைத் தூக்கிப் பார்த்து மார்க் போடுவாள். வால் துவண்டால் ஒன்று. பின்னங்கால் தடுமாறினால் இரண்டு. பின்னங்கால் விழுந்துவிட்டால் மூன்று. கோவில்பட்டிக்காரப் பெண், கள்ளம் இல்லாதவள், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வாள். மார்க் முறையைக் கற்றுக்கொண்ட அன்று கருத்தப்பாண்டி வீட்டுக்குப் போய் வெயிலுகந்தம்மாளை அடுப்படிவரை நடக்கச் சொல்லிப் பார்த்து, இரண்டு என்று முடிவு செய்தார். எதில் இரண்டு என்று அவள் கேட்டாள். சொன்னார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

வினை வந்தது மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு. இருபது கூண்டுகளில் சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள், அந்த எலிகளுக்கு வேலிப்பருத்திச் சத்து. மீதி இருபதில் நீலச் சீட்டு, அவற்றுக்கு வெறும் தண்ணீர். அதுவும் ஆபீசர்கள் குடிக்கிற கேன் தண்ணீர் இல்லை, பல் விளக்கினால் பல் மஞ்சளாகிற போர்த் தண்ணீர். புட்டிகளை நிரப்பி வைப்பது கருத்தப்பாண்டியின் பொறுப்பு. இது ஏதோ கைப்பிசகு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா அண்ணாச்சி, மருந்தில்லாத எலி விழுந்தால்தானே மருந்து குடித்த எலி எழுந்ததற்கு மதிப்பு என்று உமாதேவி விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது, மனசு ஆடவில்லை.

கிடை போடுகிறவர்களிடம் ஒரு முறை உண்டு. நாலு பேர் ஆடு சேர்ந்து ஒரு புஞ்சையில் அடைந்திருக்கும்போது ஒரு ஆட்டுக்குச் சீக்கு வந்தாலும் மொத்தக் கிடைக்கும் மருந்து புகட்ட வேண்டும். இருக்கிற மருந்து கொஞ்சம்தான் என்றால் தண்ணீர் விட்டு விளாவி எல்லாவற்றுக்கும் பங்கு வைக்க வேண்டும். என் ஆட்டுக்கு மட்டும் என்று எவனாவது பதுக்கினால் அவனை அடுத்த வருஷம் கிடையில் சேர்க்க மாட்டார்கள். கருத்தப்பாண்டி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். நீலச்சீட்டு எலி ஒன்று முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து புட்டியை நக்குவதைக் கண்டபோது அவருக்குத் தன் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் உமாதேவி சாப்பிடப் போன நேரத்தில் சிவப்புப் புட்டிச் சத்தில் பாதியை எடுத்து நீலப் புட்டிகளுக்கு விளாவிவிட்டார். அடுத்த நாளும் விளாவினார். ஒரு மாதம் இதே கைங்கரியம்தான்.

மாதக் கடைசியில் நாற்பது எலிகளும் நடந்தன. உமாதேவி மார்க் நோட்டைப் பார்த்து அழுதாள். மருந்து குடித்ததும் எழுந்து, குடிக்காததும் எழுந்துவிட்டால் மருந்து உதவாது என்றுதான் அர்த்தமாம். மூன்று வருஷப் படிப்பு போயிற்று. டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப் பத்து நாள்தான் இருந்தது. பூவனலிங்கம் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் ஞானம் பெற்றவராக வெளியே வந்து, தண்ணீர் குடித்த எலி நடந்தது என்றால் மருந்து எது என்று எல்லோரையும் கேட்டார். "தண்ணீர்" என்றார் அவரே.

இலைக்கு இனி அங்கே இடமில்லை என்று கருத்தப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே இயக்குநர் அறைக்குப் போய், தான் விளாவிய கதையை ஒன்று விடாமல் சொல்லி, வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, இலையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கும்பிட்டார். பூவனலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"விளாவியதற்குப் படிவம் பூர்த்தி செய்தீர்களா?"

"இல்லீங்கய்யா."

"பதிவேட்டில் எழுதினீர்களா?"

"எனக்கு எழுத்து அவ்வளவா வராதுய்யா."

"அப்படியானால் அது நடக்கவில்லை. பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை, பதிவேட்டில் இருப்பது நடந்தது. இதைத்தான் நாங்கள் விஞ்ஞானம் என்கிறோம். போய் வேலையைப் பாருங்கள்."

உமாதேவி அவர் சொன்னதை நம்பினாள். அதனால் அவளுக்கு வருத்தம் இன்னும் கூடியது. "இந்த நோவுல சில எலி தானாவும் எந்திரிச்சிரும் அண்ணாச்சி" என்றாள். "இல எந்திரிக்க வச்சுதா, தானா எந்திரிச்சுதான்னு இனிமே ஒருத்தருக்கும் தெரியாது." மறுபடி ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தாள். ஜெயித்த ஆட்டத்தை மறுபடி ஆடுகிறவன் விஞ்ஞானி அல்ல, சூதாடி என்று ஓரத்தில் குறிப்பெழுதி அது திரும்பி வந்தது. கருத்தப்பாண்டி அன்று எலிக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து தன் தலையில் தானே நாலு தடவை அடித்துக்கொண்டார். நல்லது செய்கிறேன் என்று போய்ப் பெண்டாட்டியின் மருந்தைத் தானே கெடுத்துவிட்டோமே என்று வாய்விட்டுப் புலம்பினார். சத்தம் கேட்டு எலிகள் பதற்றமடைந்ததாக அவருக்கு ஒரு மெமோ வந்தது.

மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர் வந்தார்கள். மத்தியானம் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பெட்டியைப் பெற்றுக்கொண்டார்கள். கடலைமிட்டாய்க்கு வாங்கிய மாதிரி இந்தத் தண்ணீருக்கும் புவிசார் குறியீடு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார், அதுவே அன்றைய ஆராய்ச்சிக் கேள்வி. பூவனலிங்கம் மேடையேறினார். "உலகமே மருந்து குடித்த எலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து குடிக்காத எலியைத் திரும்பிப் பார்த்த முதல் மையம் நம்முடையது. நான்கு ஆண்டுகள் இலையைத் தேடினோம். விடையோ குழாயில் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எதுவுமே தெரியாது என்று சொன்னவர்கள் இன்று வெட்கப்பட வேண்டும். எங்களுக்கு எதுவும் தெரியாததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது" என்றார். கைதட்டல் அடங்கியதும் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரைத் திறந்து குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மருந்தாக இருந்தால் மனிதர்களுக்குக் கொடுக்க வருஷக்கணக்கில் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் குடிக்க யார் அனுமதி வேண்டும்? அடுத்த மாதமே நாற்பது நோயாளிகளுக்குச் சோதனை அறிவித்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கி இருபது பேருக்குத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க மீதி இருபது பேருக்கு டம்மி. எலிச் சோதனையில் தண்ணீரோடு ஒப்பிட்டது இலை. ஆகையால் விதிப்படி டம்மி என்பது வேலிப்பருத்தி. இதைக் கேட்டதும் கருத்தப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெயிலு டம்மியில் விழுந்துவிட்டால் போதும், சத்து அவளுக்குக் கிடைத்துவிடும்.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. சோதனையில் சேருகிறவர்கள் மூன்று மாதம் வேறு மருந்து எதுவும் எடுக்கக் கூடாது. வெயிலுகந்தம்மாளின் ஆஸ்பத்திரித் தவணை அதற்கு நடுவில் வந்தது.

"கட்டிப்போட்ட வியாதிய அவுத்து விடச் சொல்லுதீங்க" என்றாள் அவள்.

"எலி நடந்துச்சுட்டி. நான் எங் கண்ணால பாத்தேன்."

"எலிக்கு நாலு காலு. ரெண்டு போனாலும் ரெண்டு இருக்கும்."

ஆனாலும் அவர் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்து அவள் இறங்கி வந்தாள். தனக்காக ஆட்டை விட்டு எலியிடம் போன மனுஷன் என்கிற இரக்கம் அவளுக்கு இருந்தது. குலுக்கலில் அவள் பெயர் டம்மியில் விழுந்தது. கருத்தப்பாண்டி இருபத்தோரு பேருக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார். பூவனலிங்கம் அவர் தோளைத் தட்டி, மனம் தளராதீர்கள், அடுத்த சோதனையில் உங்களுக்கும் தண்ணீர் கிடைக்க வழி செய்வோம் என்று ஆறுதல் சொன்னார்.

நோயாளிகளை மையத்திலேயே தங்கவைத்தார்கள். காலையும் மாலையும் ஒரு பொட்டலம் பச்சைப் பொடி, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கருத்தப்பாண்டி எலி அறையிலேயே கட்டுண்டு கிடந்ததால் நோயாளிகள் பகுதிக்கு வாரம் ஒருமுறைதான் போக முடிந்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரித் தவணை தாண்டி மூன்றாவது வாரம் வெயிலுகந்தம்மாளுக்கு வலதுகால் மரக்க ஆரம்பித்தது. பாதத்தில் தொடங்கி முழங்கால்வரை ஏறியது. கம்பூன்றி நடந்தவள் சுவரைப் பிடித்து நடந்தாள். பொடியில் வாந்தி வருகிறதா என்று கேட்டார் கருத்தப்பாண்டி. வாந்தியும் இல்லை, வீச்சமும் இல்லை, சும்மா புல்லைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வீச்சம் இல்லை என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார், நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஆட்டோடு அலைந்தவருக்கு இலை பொய் சொல்லாது. ஆடுகூட வாய் வைக்காத சீமைக்கருவேல இலை.

கொள்முதல் அதிகாரி சாமித்துரையிடம் ஓடினார். சாமித்துரை கோப்பைப் பிரித்துக் காட்டினார். எலிக்குக் கொடுத்த சத்தை மனிதருக்குக் கொடுக்க அனுமதி வாங்க இரண்டு வருஷம் ஆகும். சும்மா இலைப்பொடிக்கு அனுமதி வேண்டாம். டெண்டர் விட்டதில் சீமைக்கருவேலத்தான் மலிவாக வந்தது.

"டம்மிங்கறதே டம்மிதான அண்ணாச்சி" என்றார் சாமித்துரை. "அதுல எந்த இலையா இருந்தா என்ன? நிறம் பச்சையா இருக்கணும்னுதான் போட்டிருக்கு. நான் நேர்ல பாத்தேன், நல்ல பச்சை."

அந்த மையத்தில் வேலிப்பருத்திச் சத்தைக் குடித்த உயிர்கள் என்று பார்த்தால் நாற்பது எலிகள்தான். கருத்தப்பாண்டி கழுத்து அட்டையைக் கழற்றிச் சாமித்துரை மேஜையில் வைத்தார். நேரே பெண்டாட்டியிடம் போய், "என்னைய மன்னிச்சிருட்டி. வா, திருநவேலிக்குப் போவோம்" என்றார். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்திருக்கக் கையை நீட்டினாள், அதுதான் அவரை அறுத்தது.

விலகுகிறவர்களுக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் விலகும் விதம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: தூக்கிச் செல்லப்பட்டார், சக்கர நாற்காலியில் சென்றார், நடந்து சென்றார். வெயிலுகந்தம்மாள் புருஷன் தோளைப் பிடித்து, வலதுகாலை இழுத்து இழுத்து, வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே அரைமணி நேரம் நடந்தாள். சக்கர நாற்காலிக்குத் தனிப் படிவம் வேண்டும் என்றதால் நடந்தாள். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்கள். மையத்து போட்டோக்காரர் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் படம் எடுத்தார். அவள் தண்ணீர்க் கூட்டத்தில் இல்லையே என்று உமாதேவி ஒரு சந்தேகம் எழுப்பியிருக்கிறாள். பொடியை எதில் கலக்கிக் குடித்தார் என்று இயக்குநர் திருப்பிக் கேட்டாராம். மறுநாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்குச் செய்தி வந்தது: 'கரிசல் நீரின் அற்புதம், முடங்கிய பெண் நடந்தே வீடு திரும்பினார்.' படத்தில் கருத்தப்பாண்டியின் தோளை வெட்டிவிட்டிருந்தார்கள்.

திருநெல்வேலியில் டாக்டரம்மா கோபப்பட்டார், அப்புறம் கோபத்தை அடக்கிக்கொண்டு கட்டில் போட்டுக் கொடுத்தார். போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இனிமேல் போகாமல் பார்ப்போம் என்றார். பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் கயத்தாற்றுப் பெண் ஒருத்தி, பெயர் தங்கமாரி, முப்பது வயதுகூட இருக்காது, அதே வியாதி. அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தவணை. இன்னும் ஊசி குத்தவில்லை. அவள் அண்ணன் கையில் அந்தப் பேப்பர் இருந்தது. அவன் படத்தையும் வெயிலுகந்தம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கருத்தப்பாண்டியிடம் வந்து, மையத்துக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டான். இங்கே ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஆயுசு பூராவும் ஏற்ற வேண்டுமாம், அங்கே தண்ணீரிலேயே சரியாகிறதாம், ஊசி வேண்டாம் என்று சொல்லித் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறான்.

கருத்தப்பாண்டி சொல்ல ஆரம்பித்தார். சிவப்புச்சீட்டு, நீலச்சீட்டு, விளாவியது, டெண்டர், சீமைக்கருவேலம் என்று அவர் சொல்லச் சொல்ல அவருக்கே அது பைத்தியக்காரன் பேச்சு மாதிரிப் பட்டது. அந்தப் பையன் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "பேப்பர்லயே போட்டிருக்காங்களே அண்ணாச்சி" என்றான்.

வெயிலுகந்தம்மாள் தங்கமாரியைக் கூப்பிட்டாள். "இங்கன வா தாயி. அந்தப் போர்வைய விலக்கு. வலது கால்ல கிள்ளு. நகத்தால நல்லாக் கிள்ளு."

தங்கமாரி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். வெயிலுகந்தம்மாள் தலைக்கு மேலே தொங்கிய மருந்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கிள்ளு தாயி, எதுக்கு யோசிக்க?"

"அப்பவே கிள்ளிட்டேன்க்கா" என்றாள் தங்கமாரி.